ஜெயபாய் கழுவவிடாத வலை

ஜெயபாய் அக்கா நூல் மில்லில் வைண்டிங் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டேதான் நூல் சுற்ற வேண்டும் என்பது அங்கே இருந்த வழக்கம். நூல் அறாமல் ஓடுகிற நேரத்தில் சற்று உட்கார்ந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மேஸ்திரி முக்காலியைத் தூக்கி வெளியே எறிந்தார். மறுநாள் வேறொன்று கொண்டுபோனாள். அதையும் எறிந்தார். அதற்கு மேல் வீட்டில் முக்காலி இல்லாததால் சமையல்கட்டு மணையைக் கொண்டுபோய் அதில் உட்கார்ந்தாள்.

"உக்காந்தா நூலு அறுந்துருமா? அறுந்தா சொல்லுங்க, எந்திரிக்கேன்" என்றாளாம்.

நூல் அறவில்லை. மெமோ வந்தது. அதை வாங்கி மடித்து மணைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள். இதெல்லாம் எண்பத்தைந்து வாக்கில். கடைசியில் அவளை மில்லை விட்டு வெளியே கொண்டுவந்தது மேஸ்திரி அல்ல, பஞ்சுத் தூசி. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் தென்காசி ரோட்டில் என் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் கலர் மீன் கடை போட்டாள். நான் அவளை அறிந்தது அப்படித்தான்.

ராஜபாளையத்தில் நாய் வளர்க்கிறவர்கள் அதிகம். மீன் வளர்க்கிறவர்கள் அப்போது ரொம்பக் குறைவு. கப்பியும் தங்க மீனும் விற்று அவள் பிழைப்பு ஏதோ ஓடியது. புருஷன் தவசிமுத்து லாரி டிரைவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போவார். போகிற வழியில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷன்.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள் அவர் லாரியை ஓரம்கட்டிவிட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றோடு இறங்கினார்.

"ஏட்டி, இங்க வா. உனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

உள்ளே கடல் தண்ணீரில் இரண்டு மீன்கள். ஒன்று ஆரஞ்சு நிறம், உடம்பில் வெள்ளைப் பட்டைகள். இன்னொன்று நல்ல நீலம், வால் மட்டும் மஞ்சள். நானும் போய் எட்டிப் பார்த்தேன். கடையில் இருந்த அத்தனை மீனும் அவற்றுக்கு முன்னால் சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டன. அக்கா ஒரு தொட்டியைக் காலி செய்து, அந்தத் தண்ணீரோடு விட்டாள். மூன்றாம் நாள் காலையில் இரண்டும் மிதந்தன.

ஊரில் முதன்முதலில் கலர் மீன் விற்றவர் பொன்னுராஜ். செய்தி கேள்விப்பட்டு வந்து பார்த்தார்.

"கடல் மீனு கடல்லதாம்மா உசுரோட நிக்கும். கடல் ஓரத்து மெட்ராஸ்லயே தொட்டியில நிக்க மாட்டேங்கு. இங்க மலையடிவாரத்துல நிக்குமாக்கும்?"

"நிக்கும்" என்றாள் அக்கா.

"எப்படி நிக்கும்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா நிக்கும்."

அடுத்த லோடுக்கு லாரி கிளம்பியபோது கிளீனர் சீட்டில் ஏறி அவளும் தூத்துக்குடி போனாள். தவசிமுத்துவுக்கு அந்த மீன்களைக் கொடுத்தவர் சுயம்புலிங்கம். கடலில் முங்கிச் சங்கும் மீனும் எடுப்பவர். வெளிநாட்டுக்கு மீன் அனுப்புகிற கம்பெனிகளோடு அவருக்குப் பழக்கம் உண்டு. அவரிடம் கேட்டதைத் திரும்பி வந்ததும் என்னிடம் அப்படியே சொன்னாள்.

"தண்ணி ஏன் கெடுதுன்னா, மீனு கழிக்கிற அழுக்காலதானாம். கடல்ல அந்த அழுக்கப் பாசி தின்னுருதாம். தொட்டியில பாசி இல்ல, அதான் செத்துப்போச்சு. வெளிநாட்டுல தொட்டிக்கு மேல ஒரு வலைய விரிச்சு, அதுல தண்ணிய ஓடவிட்டு, லைட்டப் போட்டுப் பாசி வளக்காங்களாம் தம்பி. வளந்ததச் சுரண்டித் தூரப் போட்டா அழுக்கும் அதோட வெளிய போயிருமாம்."

"அவர் பாத்திருக்காரா?"

"பாக்கல. காதால கேட்டதுதான். நீ மோட்டார் மாட்டித் தாரியா, மாட்டியா?"

மாட்டிக் கொடுத்தேன். ஏர்கூலருக்குள் இருக்கும் சின்ன மோட்டார் ஒன்று என்னிடம் கிடந்தது. அது தண்ணீரை மேலே ஏற்றி, பாதியாக அறுத்த எண்ணெய் கேன் ஒன்றில் கொட்டும். கேனுக்குக் குறுக்கே கம்பி சொருகி, ஒரு பக்கம் கனம் கூடினால் கவிழ்கிற மாதிரி தொங்கவிட்டோம். நிறைந்ததும் ளொடக்கென்று கவிழ்ந்து, கீழே தட்டில் விரித்த வலையின் மேல் அலை மாதிரி பாயும். தட்டிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும். வலைக்கு நேர் மேலே ட்யூப் லைட். உப்புத் தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்குமோ அது இரண்டு தடவை நடந்தது. இரண்டு தடவையும் ஷாக் அடித்தது எனக்குத்தான்.

முதலில் வலைக்குப் பதிலாக பேண்டேஜ் துணி போட்டாள். பேண்டேஜ் நெய்கிற தறிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? ஒரு மாதத்துக்குள் துணி அழுகி, கடைக்குள் நுழைய முடியவில்லை. எதிர் டீக்கடை அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏமி கம்பு இதி!" என்று கத்தினார். என்ன நாற்றம் இது என்று அதற்கு அர்த்தம். சர்ச்சில் கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். "நல்லதாப் போச்சு, பெஞ்சில தாராளமா இடம் கிடைக்கு" என்றாள் அவள்.

அடுத்து, ஜன்னலுக்குக் கொசு வராமல் அடிக்கிற பிளாஸ்டிக் வலையை வாங்கி, ரம்பத்து பிளேடால் இரண்டு பக்கமும் சொரசொரப்பாக்கினாள். பாசி பிடித்து நிற்க அந்தச் சொரசொரப்பு வேண்டும் என்று அவளாகவே யோசித்துக் கண்டுபிடித்ததுதான். கடல் தண்ணீரைத் தவசிமுத்து கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கினார். வெயிலில் தண்ணீர் வற்றினால் உப்புக் கூடிவிடும். அதனால் நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். எவ்வளவு என்று தெரிய, பால் சொசைட்டியில் பாலைச் சோதிக்கிற கண்ணாடிக் குழாய் ஒன்றை வாங்கி வந்து கடல் தண்ணீரில் மிதக்க விட்டாள்.

"கடல்ல எவனும் தண்ணி கலந்துட்டானான்னு பாக்கியாக்கும்?" என்று பொன்னுராஜ் வாசலில் நின்று சிரித்தார்.

"ஆமா. கலக்கப் போறது நாந்தான்" என்றாள்.

வலையில் முதலில் வந்தது பழுப்பு நிறத்தில் ஒரு வழுவழுப்பு. சளி மாதிரி இருந்தது. எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அவள் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு லைட்டை இன்னும் கீழே இறக்கச் சொன்னாள். மறுபடியும் பழுப்பு. மறுபடியும் சுரண்டல். பிறகு ஓர் ஓரத்தில் பச்சை தெரிந்தது. பச்சை மெல்ல வலை முழுதும் பரவி, குட்டை முடி மாதிரி அடர்ந்து நின்றது. அதன் பிறகுதான் ஒரே ஒரு நீல மீனை விட்டாள். அது சாகவில்லை. ஆரஞ்சு மீனை விட்டாள். அதுவும் சாகவில்லை. சனிக்கிழமைதோறும் வலையை எடுத்து, பாதிப் பாசியைச் சுரண்டிவிட்டுப் பாதியை அப்படியே விட்டு, திரும்ப வைப்பாள். முழுக்கக் கழுவினால் தொட்டி செத்துவிடும் என்பாள். கரண்ட் போனால் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு வலையில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். வலை காயக்கூடாது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மீனைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அப்புறம் மேலே பார்த்து, "தொட்டிய ஏன் சுத்தமா வச்சிக்கிடல?" என்று கேட்பார்கள். ஒரு பெண்பிள்ளை கடையில் பாசி படிந்திருந்தால் அது சோம்பேறித்தனம் என்பது ஊர்த் தீர்மானம். "அதுதாம்மா சுத்தம். மத்ததெல்லாம் சும்மா கண்ணாடி" என்று கொஞ்ச நாள் பதில் சொன்னாள். அப்புறம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, ட்யூப் லைட்டை மறைத்திருந்த அட்டையையும் கழற்றி எறிந்தாள். பச்சை ரோடு வரைக்கும் தெரிந்தது.

தொண்ணூற்று மூன்று வைகாசியில் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிப் பக்கம் பெரிதாக ஜவுளிக்கடை கட்டிக்கொண்டிருந்தார். ஆடியில் கடை திறக்க மாட்டார்கள் இல்லையா, அதனால் ஆனியிலேயே திறந்துவிட்டு, ஆடிப்பூரத் தேருக்கு வருகிற கூட்டத்தை உள்ளே இழுக்க வாசலில் கடல் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

"வைக்கேன் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. வலை பச்சையாகாம மீனு விட மாட்டேன். புதுத் தொட்டி, அவசரப்படுத்தக் கூடாது. தேர் முடிஞ்சு ஒரு மாசம் மீனு நல்லா இருந்தாத்தான் அது உங்க மீனு. அதுவரைக்கும் அது என் மீனு. வலையில யாரும் கை வைக்கக் கூடாது."

"சரிம்மா, சரி. மீனுக்கு நாள் நட்சத்திரம் வேற" என்று சிரித்தார். ஒத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அக்கா தன் வலையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, ஈரம் காயாமல் பையில் போட்டு எடுத்துப் போனாள். புது வலையோடு அதைச் சேர்த்துக் கட்டினால் பாசி சீக்கிரம் பிடிக்கும். மோட்டாரும் லைட்டும் மாட்ட நானும் போனேன். பெரிய தொட்டி. தண்ணீர் நிரப்பியதும் பளிங்கு மாதிரி நின்றது. நாலைந்து வாரம் அதற்குள் வெறும் கல்லும் தண்ணீரும்தான். கடை திறந்த அன்றும் அப்படியே.

"ஏம்மா, தண்ணியக் காட்டவா கடை தொறந்திருக்கேன்?" என்று அண்ணாச்சி குதித்தார்.

"இன்னும் பழுப்பாத்தான் இருக்கு. மீனு விட்டாச் சாகும்."

"செத்தா வேற வாங்கிப் போடுவோம்."

"அது உங்க கணக்கு அண்ணாச்சி. எனக்கு அப்படிக் கணக்கு இல்ல."

ஆனிக் கடைசியில் வலை பச்சையானது. இரண்டு மீன் விட்டாள். ஒரு வாரம் கழித்து இன்னும் மூன்று. அத்தனை பெரிய தொட்டியில் ஐந்தே மீன். அண்ணாச்சி முப்பது கேட்டார். வலை இப்போதைக்கு ஐந்தைத்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் சுருங்கியது.

தேர் அன்று காலையில் நாங்கள் இருவரும் போனோம். ஊருக்குள் பஸ் போகவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, நசுங்கி, கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடி துடைத்து, தொட்டியைச் சுற்றி ஜிகினாத் தாள் ஒட்டியிருந்தது. மேலே ளொடக் ளொடக்கென்று கேன் கவிழும் சத்தமும் இல்லை, ட்யூப் லைட்டும் இல்லை. வலை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ரோஜாக்கள். ஐந்து மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கடையில் வேலை பார்க்கும் சந்தனம் என்பவர், நரைத்த மனுஷர், ஓரமாக வந்து நின்றார்.

"தாயி, நேத்து முதலாளி வீட்டாளுக வந்து சாக்கட மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாக. முதலாளி என்னக் கழுவச் சொன்னாரு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு மாடியில காயப் போட்டிருக்கேன். பத்து மணிக்கு மதுரையில இருந்து இன்னும் இருவது மீனு வருதாம்."

அக்கா மாடிக்குப் போகவில்லை. பிளீச்சிங் பட்டபிறகு அந்த வலையால் என்ன பிரயோஜனம்? நேராகக் கல்லாவுக்குப் போனாள். கடை நிறைய ஜனம்.

"அண்ணாச்சி, வலையில கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பொறவு பேசிக்கிடலாம்மா. வியாபார நேரம்."

"பொறவு பேசுறதுக்கு மீனு இருக்காது."

"மீனு செத்தா நான் பாத்துக்கிடுதேன். நாலு பேரு வந்து போற எடம். வாசல்ல பாசியக் காட்டச் சொல்லுதியா? கண்ணாடி எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாரு!"

"கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. உள்ள இருக்கது மூச்சு முட்டிக் கெடக்கு. எனக்கு மூச்சு முட்டுனா எப்படி இருக்கும்னு தெரியும் அண்ணாச்சி."

அவர் குரல் உயர்ந்தது. "இப்ப என்ன பண்ணச் சொல்லுத?"

"மீனு என் மீனு. எடுத்துட்டுப் போறேன்."

அவர் சிரித்தார். எடுக்க மாட்டாள் என்று நினைத்திருப்பார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, பிளாஸ்டிக் ரோஜாக்களைக் கொத்தாகப் பிடுங்கிக் கீழே போட்டாள். தேர் பார்க்க வந்த கூட்டம் வாசலில் நின்று இதைப் பார்க்க ஆரம்பித்தது. சந்தனம் யாரும் சொல்லாமலே இரண்டு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி அவரை முறைத்தார். அவர் கண்டுகொள்ளாமல் துணி மடிக்கப் போய்விட்டார். தொட்டித் தண்ணீரையே வாளிகளில் மொண்டு, வலைக்கரண்டியால் ஒவ்வொன்றாக ஐந்தையும் எடுத்தாள். அவசரப்படவில்லை. நீல மீன் ஒன்று கல்லுக்குள் ஒளிந்துகொண்டது. அது வெளியே வரும்வரை கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் படி ஏறாத இனிமே!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"ஏறி என்ன செய்ய? இங்கதான் ஒண்ணும் உசுரோட இல்லையே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினாள்.

ஊரெல்லாம் தேரைப் பார்க்கப் போகிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆளுக்கொரு வாளியோடு எதிர்த் திசையில் வந்தோம். வடம் பிடிக்க ஓடுகிறவர்கள் இடித்துவிட்டுப் போனார்கள். "தண்ணி, தண்ணி, வழி விடுங்க" என்று நான் கத்த, தாகத்துக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துச் சிலர் குடிக்கக் கேட்டார்கள். மடவார்வளாகம் தாண்டி வந்த பிறகுதான் ராஜபாளையம் பஸ் கிடைத்தது. கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"தண்ணி வாளியெல்லாம் ஏத்தக் கூடாதும்மா."

"தண்ணி இல்ல. உள்ள உசுரு இருக்கு."

"என்ன உசுரு?"

அவள் மூடியைத் திறந்து காட்டினாள். கண்டக்டர் குனிந்து பார்த்தார். விசில் அடிக்கவும் மறந்து அப்படியே நின்றார். பஸ்ஸுக்குள் இருந்து தலைகள் எட்டின. வன்னியம்பட்டியில் இருந்து வந்த ஒரு பெண், மடியில் பிள்ளையோடு இருந்தவள், நகர்ந்து இடம் விட்டாள். "பட்டுச் சேல கட்டுன மாதிரி இருக்கே!" என்றாள். அக்கா வாளியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பள்ளம் வரும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் தளும்பி அவள் சேலை முழுக்க நனைந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தில் நான்கு பிழைத்தன. ஒளிந்துகொண்ட அந்த நீல மீன் மறுநாள் செத்தது.

அண்ணாச்சி கடைத் தொட்டியில் மதுரை மீன்கள் இருபதும் ஆவணி பிறக்கும் முன்பே போய்விட்டன. அதற்காக அக்கா ஜெயித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நல்ல நாளில் வாசலில் வந்து அமங்கலம் பண்ணிவிட்டாள் என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கடைக்காரர்கள் யாரும் அவளிடம் தொட்டி வாங்கவில்லை. எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர் அண்ணாச்சிக்கு வேண்டியவர். பொங்கல் கழிந்ததும் அக்காவைக் காலி செய்யச் சொன்னார்.

"என்னங்க செய்யப் போறோம்?" என்று கேட்க வேண்டியவள் அவள். கேட்டது தவசிமுத்து. "ஏட்டி, அவுகளப் போய்ப் பாத்து ஒரு வார்த்த சொல்லிருவமா? மன்னிப்பு இல்ல, சும்மா ஒரு வார்த்த."

"என்ன வார்த்தன்னு சொல்லுங்க, கேப்போம்."

அவர் யோசித்தார். எழுந்துபோய் கேன்களை லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்.

தொட்டிகளை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். தெருப் பக்கத்து அறையின் சுவரை இடித்து, ஷட்டர் போட்டாள். தெருவில் நடக்கிறவர் கண்ணில் முதலில் வலை பட வேண்டும் என்று, கடல் தொட்டியை அதற்கேற்ப முன்னால் வைக்கச் சொன்னாள். போர்டில், "கடல் மீன் உண்டு. பாசியும் உண்டு" என்று எழுதச் செய்தாள். கப்பி விற்றுத்தான் சோறு. கடல் மீனை வாங்கினவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். வாங்க வருகிறவர்களிடம் முதலில் வலையைக் கொடுப்பாள். அது பச்சையானதும் வா, மீன் தருகிறேன் என்று திருப்பி அனுப்புவாள். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

தொண்ணூற்றாறில் அண்ணாச்சி ஆள் விட்டார். பேரன் மீன் தொட்டி கேட்கிறானாம், பாசியோடே வந்து வைத்துக் கொடுக்கட்டும் என்று செய்தி. வந்தவர் சந்தனம்தான்.

"அவிய வந்து கேக்கட்டும், வைக்கேன்" என்றாள்.

"அவிய எப்படித் தாயி வருவாக?"

"ராஜபாளையத்துக்கு பஸ் இருக்கே. நாங்க வாளியோடயே வந்தோம்."

அவர் வரவில்லை. சந்தனம் மட்டும் அப்பப்போ வந்து, தொட்டி முன்னால் செத்த நேரம் நின்றுவிட்டுப் போவார்.

மறுவருஷம் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்தார். மலையடிவாரத்தில் கடல் மீன் என்று எழுத வேண்டுமாம். ஆரஞ்சு மீன் ஜோடி அப்போது ஓட்டுச் சில்லில் முட்டை இட்டிருந்தது. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"அந்தப் பச்ச வலைய மட்டும் கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா படம் நல்லா வரும்."

"அது இருந்தா எடுங்க. இல்லன்னா டீ குடிச்சிட்டுப் போங்க."

எடுத்தார். அடுத்த வாரம் பேப்பரில் வந்தது. கறுப்பு வெள்ளையில் மீன்கள் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தன. வலை பெரிய கறுப்புத் திட்டாக, மையைக் கொட்டிவிட்ட மாதிரி. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்து, இருமல் அடங்கியும் சிரித்தாள்.

அன்று சனிக்கிழமை. பேப்பரைத் தரையில் விரித்தாள். வலையை எடுத்து அதன் மேல் வைத்து, தகட்டால் பாசியைச் சுரண்ட ஆரம்பித்தாள்.